தோப்பூரிலிருந்து தென்கரைக்கு: ஒரு முஸ்லிம் பயணியின் புகையிரதக் குறிப்புகள்

எங்கள் தோப்பூருக்குப் புகையிரதம் கிடையாது. திருகோணமலைப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. ஆனால் அது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகக் கொட்டியாரக் குடாவின் வடபக்கத்தோடு முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் மூதூருக்கு வந்து படகேறித்தான் திருகோணமலைக்குப் போவோம். 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் மற்றப் பாலங்களும் வந்ததால், இப்போது பஸ்ஸிலேயே நிலையத்துக்குப் போய் இரவுப் புகையிரதத்தைப் பிடிக்கலாம்.

தென்கரையைப் பார்க்க வேண்டும் என்பது உம்மாவின் நீண்டநாள் ஆசை. 2014 ஜூன் 15இல் அளுத்கமவில் நடந்த வன்முறைக்குப் பிறகு அந்த ஆசையை அவர் மூடி வைத்துவிட்டார். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் அபாயா அணிந்து தூரப் பயணம் போகவே தயங்கினார். "நம்மட ஊர்லயும் கடல் இரிக்கிதானே" என்று சொல்லிச் சொல்லியே தட்டிக் கழித்தவரைக் கடைசியில் கூட்டிப் போனேன். போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

கோட்டை நிலையத்தில் அதிகாலையில் இறங்கினால், நடந்து போகும் தூரத்தில் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி இருக்கிறது. ஸுபஹ் தொழுது, பக்கத்து முஸ்லிம் கடையில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். பிறகு மாத்தறைப் பாதையில் போகும் புகையிரதத்தில் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். வெள்ளவத்தையிலிருந்து பல இடங்களில் கடல் தண்டவாளத்தின் அருகிலேயே வரும்.

இலங்கையில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆகவே காலி வரை கடல் இருக்கும் பக்கமே ஏறக்குறைய கிப்லாவின் பக்கம். காலிக்குப் பிறகு பாதை கிழக்கே திரும்புவதால் இந்தக் கணக்கு மாறிவிடும். கிப்லா முதுகுப்பக்கம் போய்விடும். பயணிக்கு ளுஹர், அஸர், இஷா இரண்டு ரக்அத்தாகச் சுருங்கும். மஃரிபும் ஸுபஹும் சுருங்கா. ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. ஆடும் பெட்டியில் அவதிப்படாமல், இறங்கும் ஊரின் பள்ளியில் இரண்டையும் சேர்த்துத் தொழும்படி பயணத்தை வகுத்துக்கொள்வதே எளிது. பெண்களுக்குத் தொழ இடம் எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை. முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

நாங்கள் இறங்கிய முதல் ஊர் பேருவளை. கடுகதிகள் எல்லாம் அங்கே நிற்பதில்லை என்பதால் ஏறுமுன் விசாரியுங்கள். நாட்டின் மிகப் பழைய பள்ளிவாசல் என மரபாகச் சொல்லப்படும் மஸ்ஜிதுல் அப்ரார் அங்கேதான் இருக்கிறது. கடலுக்குள் நீளும் பாறைமுனையில் கெச்சிமலைப் பள்ளி வெள்ளையாக நிற்கிறது. முஸ்லிம் கடைகள் நிறைய உள்ளதால் உணவுக்குக் கவலையில்லை. வேறு ஊர்களில் சோறு, பருப்பு, மீன் போதும்.

ஹிக்கடுவைக்குச் சற்று முன்பு பெரலிய வரும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஒரு புகையிரதத்தை அங்கே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே நாளில் மூதூரும் கிண்ணியாவும் அழுதன. உம்மா யன்னலைப் பார்த்தபடி துஆ ஓதினார்.

காலிக் கோட்டைக்குள் வெளிச்சவீட்டின் எதிரே மீரான் பள்ளி இருக்கிறது. அதற்கப்பால் கொக்கல, அஹங்கம, வெலிகம என்று கடலோர ஊர்கள் தொடர்கின்றன. வெலிகமவில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோட்டையில் ஏறியபோது பெட்டி நிறைந்திருந்தும் உம்மாவின் பக்கத்து இருக்கை வெறுமையாகவே இருந்தது. பாணந்துறையில் ஏறிய வயதான சிங்களப் பெண் ஒருவர் அதில் அமர்ந்து, எந்த ஊர் என்று கேட்டார். தோப்பூர் என்றேன். சேருவில விகாரைக்குப் போகும்போது அந்த ஊரைக் கடந்திருப்பதாகச் சொன்னார். உம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. கையிலிருந்த பேரீச்சம்பழப் பொதியை நீட்டினார்; அந்தப் பெண் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அந்த வெற்று இருக்கையை நான் மறக்கவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் உம்மா எல்லாரிடமும் சொன்னது அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.