அசையாத டிக்கும் ஒரு காதல் கடிதமும்

பெங்களூரில் பொட்டி தட்டும் நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடுப்பு நன்றாகத் தெரியும். அவுட்லுக்கில் மடலோடு வந்த ஃபைலைத் திறந்தால், "திறக்கட்டுமா, சேமிக்கட்டுமா?" என்று ஒரு பெட்டி குறுக்கே நிற்கும். 'இந்த வகை ஃபைலைத் திறக்கும்முன் எப்போதும் கேள்' என்று கீழே ஒரு டிக். எடுத்துவிடலாம் என்று பார்த்தால் சாம்பல் நிறத்தில் கிடக்கும், அசையாது. வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன் :-)

1999 மார்ச்சில் மெலிஸா வந்தது. வேர்ட் ஃபைலுக்குள் ஒளிந்துகொண்டு, அவுட்லுக் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பியது. அடுத்து 2000 மே 4, வியாழக்கிழமை, மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' கிளம்பியது. பார்வைக்கு ஒரு காதல் கடிதம், சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். பெயரின் வாலில் இருந்த 'விபிஎஸ்' என்ற மூன்றெழுத்தை விண்டோஸ் வழக்கம்போல் மறைத்துவிட்டது. விபிஎஸ் என்றால் கடிதமல்ல, நிரல். திறந்ததும் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் பறந்தது. வட்டில் இருந்த படங்களின் மேல் தன்னையே எழுதி அழித்தது. தெரிந்தவர் பெயரில் வந்ததால்தான் மக்கள் திறந்தார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2000 ஜூனில் அவுட்லுக்குக்குப் பூட்டுப் போட்டது. நிரல் வகை ஃபைல்களைக் கையிலேயே கொடுக்காது. 2004 ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, வெளியிலிருந்து வரும் ஃபைல்களுக்கு ஒரு முத்திரை குத்தியது. 2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தபோது, கணினி முழுவதற்குமான அமைப்புகளைச் சாதாரணமாகத் திறந்த மென்பொருள் மாற்ற முடியாதபடி ஆனது. நம்ம டிக் அந்த ரகம். கோளாறு இல்லை, காவல்.

சட்டமும் இதே காலத்தில்தான் விழித்தது. வைரஸ் எழுதியவரைத் தண்டிக்க அப்போது பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லாததால் வழக்கு கைவிடப்பட்டது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்தது. வைரஸ் நுழைப்பது அதன் 43-ஆம் பிரிவில் வருகிறது. 2001-ல் நாட்டின் முதல் சைபர் க்ரைம் காவல் நிலையம் பெங்களூரில் திறந்தது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செயற்கைக்கோள் இணைப்போடு வந்த நாளிலிருந்து, கடல் கடந்து வரும் ஃபைல்களில் சோறு சாப்பிடும் ஊராயிற்றே!

சரி, வழி. கிளாசிக் அவுட்லுக்கை முழுதாக மூடுங்கள். அதன் ஐகானில் ரைட் க்ளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். நம்பிக்கையான அதே வகை ஃபைல் ஒன்றைத் திறந்தால் டிக் இப்போது அசையும். எடுத்துவிட்டு, மூடி, வழக்கம்போல் திறங்கள். ஆபீஸ் கணினியில் அந்த அதிகாரம் இருக்காது, ஐ.டி. பிரிவைத்தான் கேட்கவேண்டும்.

முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் திறந்துபோட வேண்டாம். நான் பிடிஎஃப்புக்கு மட்டும்தான் எடுத்தேன். பிள்ளைகளும் தொடும் வீட்டுக் கணினி என்றால் அதையும் எடுக்காதீர்கள்.

இன்று அந்தக் காதல் கடிதம் கல்யாணப் பத்திரிகையாக வருகிறது. 2024-ல் வாட்ஸப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஏபிகே ஃபைல்கள் சுற்றின. நிறுவினால் போனில் உள்ள தகவலெல்லாம் திருடன் கைக்கு. நாம் இங்கே இருக்கிறோம். ஊரில் அப்பா அம்மா தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததென்று நம்பித் திறப்பார்கள். போனும் 'நிறுவட்டுமா?' என்று ஒரு முறை கேட்கும். அந்தக் கேள்வி நம்ம டிக்கின் தம்பி.

இந்த ஞாயிறு ஊருக்குப் பேசும்போது சொல்லிவையுங்கள்: பத்திரிகை என்றால் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். "நிறுவு" என்று கேட்டால் அது பத்திரிகை இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.