கண்ணுக்குத் தெரிந்ததும் கருவி அளந்ததும்

கண்டி அஸ்கிரிய மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த இடம். திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அந்த மைதானத்தில் 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவுடன் முதல் டெஸ்ட் நடந்தது. ஒரு பாடசாலையின் மைதானத்துக்கு அப்படியொரு பேறு கிடைப்பது அபூர்வம். 2007 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் போல் கொலிங்வுட்டை போல்டாக்கி, முத்தையா முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை எடுத்ததும் இங்கேதான். அவுஸ்திரேலியச் சுழல்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னின் 708 அன்று பின்தள்ளப்பட்டது. அதுவே அஸ்கிரியவின் கடைசி டெஸ்டாகவும் அமைந்தது. அடுத்த டெஸ்டைக் கண்டி 2010இல் பல்லேகலையில்தான் பார்த்தது. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசத் தொடங்கி, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொல் கேட்டுச் சுழலுக்கு மாறியவர், சொந்த ஊரிலேயே உலகச் சாதனையை எட்டினார். கண்டி பட்டாசு கொளுத்தியது. வெளியிலோ அது சாதனையா, விதியை ஏய்த்துப் பெற்றதா என்ற பழைய வழக்கு மறுபடி கிளம்பியது. அந்த வழக்கின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஓர் உண்மை தெளிவாகும்: முரளியைக் குற்றவாளியாக்கியது கண், விடுவித்தது அளவை. அவருடைய பெருமையை எடைபோடவும் அளவையைத்தான் நம்ப வேண்டும்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை நோ போல் அறிவித்தார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. முரளி மறுமுனைக்கு மாறி வீசியபோது அங்கு நின்ற ஸ்டீவ் டன் ஒரு பந்தையும் பிழை சொல்லவில்லை. ஒரே கை, ஒரே நாள், ஒரே மைதானம். தீர்ப்பு மட்டும் இரண்டு. பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் ரொஸ் எமர்சன், அவர் லெக் பிரேக் வீசியபோதுகூட நோ போல் என்றார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன் மறுபடி கை நீட்டியதும், இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். நடுவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று கருதத் தேவையில்லை. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. தோளும் மணிக்கட்டும் அசாதாரண வேகத்தில் சுழலும். விரலால் திருப்பும் வழக்கமான ஓஃப் ஸ்பின்னர் போலன்றி, மணிக்கட்டால் திருப்பியவர் அவர். வளைந்த கை சுழலும்போது, அது நீள்வதுபோலத் தோன்றும். ஆனால் விதி கேட்டது கை வளைந்திருந்ததா என்பதையல்ல. தோள் உயரத்துக்கு வந்தபின் அது நீட்டப்பட்டதா என்பதைத்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேகம் மனிதக் கண்ணுக்கு இல்லை.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு நடந்தது. அதிவேகக் கமராக்கள் பதிந்த கையசைவிலிருந்து கோணத்தைக் கணித்தவர்கள், எறிவதாகத் தெரிவது கண்மயக்கே என்றார்கள். இங்கே எழும் வலுவான ஆட்சேபம், அவருக்காக விதியையே வளைத்தார்கள் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. 2004இல் அவுஸ்திரேலியாவுடனான தொடர் முடிந்ததும் ஆட்ட நடுவர் கிறிஸ் புரோட் முரளியின் தூஸ்ராவை, அதாவது ஓஃப் பிரேக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தைப் பற்றி முறையிட்டார். சோதனையில் அந்தப் பந்துக்கு முழங்கை சுமார் 14 பாகை நீண்டது. திருத்தியபின் 10 பாகை அளவுக்கு இறங்கியது. சுழல்பந்து வீச்சாளருக்கு அப்போதிருந்த எல்லையோ 5 பாகை. அன்றைய விதிப்படி தூஸ்ரா தவறுதான். அதை வீச வேண்டாமென்று அவருக்குச் சொல்லவும் பட்டது. ஆனால் அதே ஆண்டு ஐ.சி.சி. மற்றவர்களையும் அளந்தபோது, கறாரான நடைக்குப் பெயர் பெற்ற வேகப்பந்து வீச்சாளர்களின் முழங்கைகளும் 10 பாகைக்கு மேல் நீள்வது தெரியவந்தது. கை சற்றும் நீளாமல் வீசுபவரைக் காண்பதே அரிது. 2005 மார்ச்சில் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை எல்லை வந்தது. ஒருவருக்குச் சலுகையாக வந்ததல்ல அது. எல்லோரும் மீறிவந்த விதி, அளந்தபின் நடைமுறைக்கு ஏற்ப மாறியது. தவிரவும், 2004 மார்ச்சில் கண்டியில் மைக்கேல் காஸ்ப்ரோவிச்சை வீழ்த்தி 500ஆவது விக்கெட்டை எடுக்கும்வரை அவருக்குச் சோறு போட்டது பெரும்பாலும் ஓஃப் பிரேக்தான்.

சோதனையில் தேறியதாலேயே ஒருவர் சுத்தமானவர் ஆகிவிடுவாரா என்று அடுத்து கேட்பார்கள். சைக்கிளோட்டத்தின் கதை அவர்கள் கையில் இருக்கிறது. லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்றார்; எத்தனையோ ஊக்கமருந்துச் சோதனைகளைக் கடந்து வந்தார். கடைசியில் அவரை வீழ்த்தியவை சக ஓட்டக்காரர்களின் வாக்குமூலங்கள். 2012இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன, மறு ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். கேள்வி நியாயமானது, ஆனால் இரண்டும் ஒரே சாதியல்ல. ஊக்கமருந்து மறைவில் நடப்பது. எப்போது ஏற்றுவது, எப்போது உடலிலிருந்து நீங்கும் என்ற கணக்குத் தெரிந்தவர் சோதனையைத் தப்பலாம். முரளியின் முழங்கையோ ஒவ்வொரு பந்திலும் கமராக்கள் முன்னே வெட்டவெளியில் இருந்தது. ஆய்வுகூடத்தில் ஒரு விதமாகவும் களத்தில் வேறு விதமாகவும் வீசினால், பந்தின் வேகத்தையும் திருப்பத்தையும் ஒப்பிட்டே காட்டிக்கொடுத்துவிடலாம். கையில் இரும்புக் கவசம் பூட்டிக்கொண்டு அவர் தொலைக்காட்சிக்கு வீசிக் காட்டியது வேடிக்கைதான். அதை விஞ்ஞானச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சந்தேகம் எழுந்தபோதெல்லாம், 1996, 1999, 2004, 2006 என்று, சோதனைக்கு உட்பட்டவர் அவர். பட்டங்களைக் காக்க ஆம்ஸ்ட்ரோங் கட்டியெழுப்பிய இரகசியம் இவருக்குத் தேவைப்படவில்லை. 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவர்டே அவரை எறிபவர் என்றபோதும், அந்தச் சொல்லின் பின்னால் எந்த அளவையும் இருக்கவில்லை.

நேர்மை நிலைநாட்டப்பட்டாலும் பெருமை தானாக வந்துவிடாது. அது தனிக் கணக்கு. 133 டெஸ்டுகளில் 800 விக்கெட், சராசரி 22.72, ஒரு இன்னிங்ஸில் ஐந்தும் அதற்கு மேலும் 67 தடவை. வோர்னின் சராசரி 25.41. எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விகள் மூன்று. 493 விக்கெட்டுகள் இலங்கையில் எடுத்தவை, அஸ்கிரியவில் மட்டும் 117. பங்களாதேஷிடமும் சிம்பாப்வேயிடமும் 176 எடுத்தார், வோர்னுக்கு அவை வெறும் 17. அவுஸ்திரேலியாவில் ஆடிய ஐந்து டெஸ்டுகளில் 12 விக்கெட்தான், சராசரி 75, இந்தியாவிலும் 45. கடைசியதற்குப் பதிலில்லை, அது உண்மையான குறை. ஆனால் பலவீனமான இரு அணிகளையும் தள்ளிவிட்டாலும் 108 டெஸ்டில் 624 விக்கெட் எஞ்சும், சராசரி 25க்குள் நிற்கும். வெளிநாட்டில் எதுவுமே செய்யாதவர் 1998இல் ஓவலில் இங்கிலாந்திடம் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்திருக்க முடியாது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வோர்னுக்கு மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் இருந்தார். முரளிக்கு வேகப்பந்து வீச்சாளர் வாஸைத் தவிர நெடுங்காலம் துணை நின்றவர் குறைவு. விக்கெட்டைப் பங்கிட ஆளில்லாதது எண்ணிக்கையைக் கூட்டியிருக்கும் என்று சொல்லலாம். ஆனால் மறுமுனையின் நெருக்கடியில்லாமல் சராசரியை 22இல் வைத்திருப்பது கடினம்.

ஆகவே தீர்ப்பு இரண்டு பகுதியாக வர வேண்டும். வோர்னா முரளியா என்பது இரசனையும் எண்ணிக்கையும் கலந்த விவாதம். இருபக்கமும் நியாயத்தோடு பேசலாம், அவுஸ்திரேலிய மண்ணில் கண்ட தோல்வியை முரளியின் கணக்கில் எழுதவும் வேண்டும். எறிந்தாரா என்பதோ அளந்து விடை கண்ட கேள்வி. 2010 ஜூலை 22இல் காலியில் பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டோடு முடிந்த 800, விளையாட்டு வரலாற்றில் மிக அதிகம் சோதிக்கப்பட்ட சாதனைகளில் ஒன்று. அதை மறுக்க விரும்புபவர் இனிக் கண்ணைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. அந்த ஆய்வுகளை முறியடிக்கும் இன்னோர் அளவையைக் கொண்டுவரட்டும். அதுவரை சாதனை முரளிதரனுடையது, எந்த நட்சத்திரக் குறியும் இல்லாமல்.