தாழ்ப்பாளை உடைச்ச டிஃபெண்டர்

இன்னிக்கு நாம பேசப்போறது ஜாக் ஸ்டீன் பத்தி. பிளேயரா மட்டும் அவரைப் பத்திப் பேசினா, ரெண்டு நிமிஷத்துல இந்த எபிசோட் முடிஞ்சிடும். சென்டர் டிஃபெண்டர். தலையால முட்டுறதுல கெட்டிக்காரர், ஆனா பெரிய திறமைசாலின்னு யாரும் சொன்னதில்லை. ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடல. அப்படிப்பட்ட ஒருத்தர்தான் உலகத்தோட பிரமாதமான டிஃபென்ஸை உடைச்சார். அது எப்படிங்கறதுதான் எனக்கு சுவாரசியம்.

1922-ல கிளாஸ்கோ பக்கத்துல, நிலக்கரிச் சுரங்கப் பகுதியில பிறந்தவர். பதின்வயசுலயே சுரங்கத்துக்குள்ள இறங்கிட்டார். வாரம் முழுக்க கரி வெட்டிட்டு சனிக்கிழமை ஆல்பியன் ரோவர்ஸுக்கு ஆட்டம். முழுநேர ஃபுட்பால்னு அவர் போனது 1950-ல, வேல்ஸ்ல லானெல்லிங்கற சின்ன கிளப்புக்கு. அப்போ வயசு 27. நம்ம ஆட்கள்ல பல பேர் அந்த வயசுல வேலைய விட்டுட்டு ஸ்டார்ட்அப் போகலாமான்னு யோசிச்சுட்டு இருப்பாங்க!

1951 டிசம்பர்ல செல்டிக் கூப்பிட்டுச்சு. எதுக்குன்னா, ரிசர்வ் அணியில இருக்கிற சின்னப் பசங்களுக்குக் கத்துக்கொடுக்க. ஆனா மெயின் டீம்ல டிஃபெண்டர்களுக்கு அடிபட, இவர் உள்ள வந்தார், கேப்டனும் ஆனார். 1954-ல லீக், ஸ்காட்டிஷ் கப் ரெண்டையும் செல்டிக் ஜெயிச்சது. அப்புறம் கணுக்கால் காயம். 1957-ல ஆட்டக்காரர் வாழ்க்கை முடிஞ்சது.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். செல்டிக், கத்தோலிக்க ஐரிஷ் குடியேறிகளோட கிளப். எதிரி ரேஞ்சர்ஸ், புராட்டஸ்டன்ட் பக்கம். ஸ்டீன் புராட்டஸ்டன்ட், அவரோட அப்பா ரேஞ்சர்ஸ் ரசிகர். செல்டிக் ஜெர்ஸி போட்டதுக்காகவே பழைய நண்பர்கள் சிலர் அவர்கிட்ட பேசுறதை நிறுத்திட்டாங்க. கிளப்புலயும், அதுவரைக்கும் இருந்த மூணு மேனேஜர்களுமே கத்தோலிக்கர்கள். அதனால கோச்சிங் கத்துக்கிட்டவர் 1960-ல டன்ஃபெர்ம்லினுக்குப் போனார். கீழ் டிவிஷனுக்கு இறங்கப் போற டீம், மீதி 6 மேட்ச். ஆறையும் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் ஸ்காட்டிஷ் கப் ஃபைனல்ல அதே செல்டிக்கைத் தோற்கடிச்சாங்க.

1963-ல அவர் மிலானுக்குப் போனார். இன்டர் மிலான் கோச் ஹெலேனியோ ஹெரேரா டீமை எப்படித் தயார் பண்றார்னு நேர்ல பார்க்க. அந்த ஸ்டைலுக்குப் பேரு கட்டெனாச்சோ. கதவுத் தாழ்ப்பாள்னு அர்த்தம். எதிரணி ஃபார்வர்டு ஒவ்வொருத்தர் மேலயும் ஒரு ஆள் ஒட்டிக்குவார், அவங்களுக்குப் பின்னாடி ஒரு ஸ்வீப்பர் காவல். அதுல இன்டர் 1964, 1965 ரெண்டு வருஷமும் யூரோப்பியன் கப் எடுத்தது. இன்னிக்கு சாம்பியன்ஸ் லீக்னு சொல்றோமே, அது.

1965 மார்ச்ல செல்டிக் அவரை மேனேஜராவே திரும்பக் கூப்பிட்டது. 11 வருஷமா லீக் ஜெயிக்காத கிளப். அடுத்த வருஷத்துல இருந்து தொடர்ச்சியா ஒன்பது லீக் பட்டம். அதை இப்படி ஒரே வரியில கடக்கறேன், ஏன்னா எனக்கு லிஸ்பனுக்குப் போகணும்.

1967 மே 25, ஃபைனல். எதிர்ல இன்டர். செல்டிக்ல இறங்கின 11 பேரும் மைதானத்துல இருந்து 30 மைல் சுற்றளவுக்குள்ள பிறந்தவங்க. ஏழாவது நிமிஷமே ரைட்-பேக் ஜிம் கிரெய்க் பெனால்டி கொடுத்துட்டார். மட்ஸோலா கோல். இன்டர் தாழ்ப்பாளைப் போட்டாச்சு.

இப்போ ஒரு டிஃபெண்டரா யோசிங்க. ஆள் மேல ஆள் நிக்கிற டிஃபென்ஸ் எதுக்குப் பயப்படும்? யாருக்கும் ஒதுக்கப்படாத ஆளுக்கு. ஒரு சிஸ்டம் எங்க உடையும்னு தெரியணும்னா அதைக் காவல் காத்தவனைத்தான் கேட்கணும், அது சாஃப்ட்வேர்லயும் அப்படித்தான். ஸ்டீன் ஃபார்வர்டுகளைப் பக்கவாட்டுல நகர வெச்சார். அவங்களைத் துரத்திக்கிட்டு இன்டர் டிஃபெண்டர்களும் போனாங்க. நடுவுல திறந்த இடத்துக்குப் பின்னாடியிருந்து ரெண்டு ஃபுல்-பேக்கும் ஓடி வந்தாங்க. 63-வது நிமிஷம், பெனால்டி கொடுத்த அதே கிரெய்க் வலதுபக்கமிருந்து பாஸ் தள்ள, லெஃப்ட்-பேக் டாமி கெம்மல் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிச்சார். கோல்! டிஃபெண்டர் கொடுத்து டிஃபெண்டர் அடிச்சது. கடைசி பத்து நிமிஷத்துக்குள்ள சால்மர்ஸ் ரெண்டாவது. 2-1.

இன்டருக்கு அன்னிக்கு லூயிஸ் சுவாரஸ் காயத்தால ஆடலங்கறது உண்மை. ஆனா ரெண்டு தடவை கிராஸ்பாரையும் அடிச்சுட்டு, மேட்ச் முழுக்க தாக்கிட்டே இருந்த டீமை அதிர்ஷ்டக்காரங்கன்னு நான் சொல்லமாட்டேன். இந்தக் கோப்பையை ஜெயிச்ச முதல் பிரிட்டிஷ் கிளப் செல்டிக்தான்.

1978-ல கிளப் அவரை மாத்தினப்போ கொடுக்க வந்தது, நிதி திரட்டுற வேலை. எனக்கு இன்னும் கோபம் வரும். அவர் லீட்ஸுக்குப் போனார், 44 நாள்ல ஸ்காட்லாந்து தேசிய அணி கூப்பிட வந்துட்டார்.

1985 செப்டம்பர் 10, கார்டிஃப். வேல்ஸுக்கு எதிரா ஒரு டிரா போதும், உலகக் கோப்பை வாய்ப்பு இருக்கும். 0-1 பின்தங்கின நேரத்துல அவர் இறக்கின சப்ஸ்டிட்யூட் டேவி கூப்பர், 81-வது நிமிஷம் பெனால்டியில சமன் பண்ணார். மேட்ச் முடியுற நேரத்துல ஸ்டீன் சரிஞ்சு விழுந்தார். மைதானத்து மருத்துவ அறையிலேயே உயிர் போச்சு. வயசு 62. ஸ்காட்லாந்து பிளே-ஆஃப்ல ஆஸ்திரேலியாவை ஜெயிச்சு மெக்சிகோவுக்குப் போனப்போ, பெஞ்ச்ல அவர் இடத்துல உட்கார்ந்திருந்தது அவரோட அசிஸ்டன்ட், அலெக்ஸ் ஃபெர்குசன்.