மறுகாவும் வெட்டுவது ஏன்? முள்ளந்தண்டு சத்திர சிகிச்சையின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த வருடம் நமது பிரதான வீதி வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த தம்பியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெயர் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. மற்றதை எழுதலாம் என்று அவரும் அவரது உம்மாவும் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறோம். உயர்தரம் வரை நம்மிடம் வரலாறு படித்தவர். விழுந்த இரவே தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சில நாட்களில் முதுகில் ஸ்க்ரூவும் கம்பியும் வைத்தார்கள். மூன்று கிழமையில் காயத்தில் கிருமி பிடித்தது, திறந்து கழுவினார்கள். இப்போது எக்ஸ்ரேயில் ஒரு கம்பி முறிந்திருப்பது தெரிகிறது. வரும் மாதம் மூன்றாவது சத்திர சிகிச்சை.

போன கிழமை பார்க்கப் போயிருந்தோம். தேத்தண்ணியை வைத்துவிட்டு உம்மா கேட்டார்: "சேர், மறுகாவும் வெட்டப் போறாங்களாம். அப்ப முதல்ல செஞ்சது பிழையா?"

இதற்கு ஊரில் பதில்கள் தாராளம். டொக்டர் பிழை விட்டுட்டார் என்று ஒன்று. வைத்தது மலிவுக் கம்பி என்று ஒன்று. இந்தியாவுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று ஒன்று. முறிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டியிருந்தால் இந்நேரம் எழும்பி நடந்திருப்பான் என்று இன்னொன்று. இதில் கடைசிப் பதில் அந்த உம்மாவின் முகத்துக்கு நேரேயே சொல்லப்பட்டிருக்கிறது. நாம் வைத்தியர்கள் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஆனால் அவரது கேள்விக்கான பதிலில் பாதி வரலாற்றில்தான் கிடக்கிறது.

1862இல் எகிப்தின் லக்சோர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாபிரஸ் சுருளை வாங்கினார். கி.மு. 1600 அளவில் பிரதி செய்யப்பட்ட வைத்திய நூல் அது. ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்ற அறிஞர் அதை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். 48 நோயாளிகளின் விபரம் அதில் இருக்கிறது. கழுத்து முள்ளென்பு விலகி, கையும் காலும் உணர்விழந்து, சிறுநீர் தானாகப் போகும் ஒருவரும் அவர்களில் அடக்கம். பார்த்த வைத்தியர் ஒவ்வோர் அறிகுறியையும் சரியாகக் குறித்திருக்கிறார். கடைசியில் இது வைத்தியம் செய்யக்கூடியதல்ல என்று எழுதி மூடிவிட்டார்.

அந்தத் தீர்ப்பு மாறுவதற்கு 3,500 வருடம் எடுத்தது. இடையில் கொர்டோபாவுக்குப் பக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி வருகிறார். அவரது 'கிதாபுத் தஸ்ரீப்' 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுக்கச் சத்திர சிகிச்சை, கருவிகளின் படங்களோடு. விலகிய முள்ளந்தண்டை, ஆளைப் படுக்கவைத்து இழுத்துப் பலகையால் அழுத்திச் சரிசெய்யும் முறையை அவர் எழுதியிருக்கிறார். 1465இல் அமாஸ்யா நகரத்து வைத்தியர் ஷரபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு அதே வழியில் துருக்கி மொழியில் படம் வரைந்து ஒரு நூல் செய்தார். இந்த இடத்தில் "எல்லாம் நாமே கண்டுபிடித்தோம்" என்று நம்மவர்கள் பகிரத் தொடங்கிவிடுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறோம். பலகை முறை ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்தே கிரேக்கர்களிடம் இருந்தது. அஸ்ஸஹ்ராவி அவர்களைப் படித்தார், தன் அனுபவத்தைச் சேர்த்தார், அடுத்தவருக்குக் கொடுத்தார். ஆனாலும் எலும்பைத்தான் அவர்களால் தள்ளி வைக்க முடிந்தது. உள்ளே நசுங்கிய முண்ணாணுக்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இன்றைக்கும் பெரிதாக இல்லை.

முதுகைத் திறந்து எலும்போடு எலும்பை ஒட்டவைக்கும் வேலை 1911இல் நியூயோர்க்கில் தொடங்கியது. ரசல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி என்ற இரண்டு வைத்தியர்கள் தனித்தனியாகச் செய்தார்கள். விபத்துக்காக அல்ல, முள்ளந்தண்டைத் தின்னும் காசநோய்க்காக. ஆல்பி காலெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதுகில் பதித்தார். உலோகம் கிடையாது. எலும்பு ஒட்டும் வரை நோயாளி மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும்.

அடுத்த கட்டம்தான் நமது கதைக்கு முக்கியம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் போல் ஹாரிங்டன் என்ற வைத்தியரிடம் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகள் நிறைய வந்தார்கள். சுவாசப்பை நெருக்கப்பட்ட அவர்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க முடியாது. ஆகவே இரும்புக் கம்பியும் கொக்கியும் செய்து முதுகுக்குள்ளேயே வைத்தார். கம்பி மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தார். பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். பிறகு கொக்கிகள் கழன்றன, கம்பிகள் முறிந்தன. திரும்பத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது. கம்பியோடு சேர்த்து எலும்பையும் ஒட்டவைத்தால்தான் நிற்கும் என்பதை அந்த முறிவுகளிலிருந்து படித்து, 1962இல் தன் முறையை உலகத்துக்கு எழுதினார். மறு வருடம் பாரிஸில் ரோய்-காமில் என்பவர் முள்ளென்புக்குள்ளேயே ஸ்க்ரூவை இறக்கினார். நமது தம்பியின் முதுகில் இருப்பது அந்த ஸ்க்ரூவின் பேரப்பிள்ளை.

அந்த உம்மாவுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வீடு கட்டும்போது கொங்கிரீட் இறுகும் வரை பலகையும் முட்டும் கொடுப்போமே, முதுகுக் கம்பி அந்த முட்டுத்தான். எலும்பு இறுகிவிட்டால் பாரம் எலும்பில் இறங்கிவிடும். எலும்பு ஒட்டப் பிந்தினால் எவ்வளவு நல்ல கம்பியும் ஒவ்வொரு அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்து ஒருநாள் முறியும். நூல்கம்பியை இரண்டு பக்கமும் மாறி மாறி வளைத்துப் பாருங்கள், தெரியும். எலும்பு ஒட்டாமல் போக ஒரு பெரிய காரணம் கிருமி. அவருக்குக் கிருமி பிடித்திருந்தது. ஆகவே முறிந்ததை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைத்து, புதுக் கம்பி போடப் போகிறார்கள். முதலில் செய்தது பிழை என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

மலிவு, வசதி என்று பேசுகிறவர்களுக்கு ஜோன் எஃப். கென்னடியின் முதுகைச் சொல்லலாம். பணத்துக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளை. 1944இல் ஒரு தடவை வெட்டினார்கள். 1954இல் உலோகத் தகடு வைத்தார்கள். கிருமி தொற்றி, நினைவிழந்து, பாதிரியார் வந்து இறுதிக் கிரியை செய்யும் அளவுக்குப் போனார். 1955இல் அதே தகட்டைத் திறந்து எடுத்தார்கள். 1957இல் சீழ்க்கட்டிக்காக நான்காவது தடவை. அதற்குப் பிறகுதான் அவர் ஜனாதிபதியானார், வலியோடும் முதுகுப் பட்டியோடும்.

இன்னொருவரையும் அந்தத் தம்பிக்குச் சொன்னோம். லுட்விக் குட்மன் என்ற ஜெர்மன் யூதர். 1917இல் வாலிபனாக ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டு செய்தபோது, முதுகு முறிந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சில கிழமையில் போய்விடுவார், அதிகம் எழுத வேண்டாம் என்றார்கள். ஐந்து கிழமையில் அவர் மௌத்தானார். கொன்றது முறிந்த எலும்பல்ல, படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கிருமியும். 1939இல் ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்து போன குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைப் பொறுப்பெடுத்தார். அவரது பெரிய மருந்து, இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது. நள்ளிரவில் தானே வந்து புரட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பாராம். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பராலிம்பிக் அதிலிருந்து வந்ததுதான்.

குட்மன் ஒக்ஸ்போர்டில் வேலை செய்தது ஹியூ கேய்ர்ன்ஸ் என்பவரின் பிரிவில். 1935இல் மோட்டார் சைக்கிளில் விழுந்த 'அரேபியாவின் லோரன்ஸ்' ஆறு நாள் கிடந்து இறந்தபோது பார்த்த வைத்தியர்களில் இந்தக் கேய்ர்ன்ஸும் ஒருவர். (லோரன்ஸ் அரபிகளுக்குச் செய்தது இன்னொரு பதிவுக்குரியது.) மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை அவர் ஆராய்ந்து 1941இல் எழுதிய பிறகுதான் ஹெல்மட் போடும் வழக்கம் பரவியது. நமது தம்பி ஹெல்மட் போட்டிருந்தார். அதனால்தான் இன்று நம்மோடு பேசுகிறார். முதுகுக்கு ஹெல்மட் கிடையாது.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. அன்று அவரைத் தூக்கியவர்களில் நாமும் இருந்தோம். ஒருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, நடுவில் வளைந்து தொங்கியபடி தூக்கி, மடக்கி, முச்சக்கர வண்டிக்குள் உட்காரவைத்தோம். நல்ல எண்ணத்தில்தான். முறிந்த முள்ளந்தண்டை வளைத்தால் உள்ளே இருக்கும் முண்ணாண் மேலும் நசுங்கலாம் என்று அப்போது எவரும் யோசிக்கவில்லை. அதனால் கூடியதா, விழுந்ததிலேயே ஆனதா என்று எந்த டொக்டரும் நம்மிடம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்கப் பயம். டொக்டர் பிழை விட்டார் என்று பேச்சு எழும்போது நமது தொண்டை அடைத்துக்கொள்வது அதனால்தான். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பலகையோடும் கழுத்துப் பட்டியோடும் தூக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள். அவர்கள் வரும் வரை ஆளை அசைக்காமல், தலையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்திருக்கலாம்.

இந்த மூன்றாவது சிகிச்சையால் கால் திரும்பும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. வலியில்லாமல் நிமிர்ந்து உட்காரலாம், சக்கர நாற்காலியில் வெளியே வரலாம் என்கிறார்கள். அவருக்கும் இது தெரியும். "சேர், உட்கார்ந்தா போதும், மிச்சத்தைப் பாத்துக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரைப் புரட்ட இரவில் ஆள் வேண்டும். உம்மாவால் தனியே முடியாது, வாப்பா கட்டாரில். இரவு 10, 12, 2, 4 என்று பிரித்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். எப்படிப் புரட்டுவது என்று கிளினிக் நேர்ஸ் காட்டித் தருவார். அவரது வகுப்புப் பொடியன்கள் ஏழு பேர் பெயர் தந்துவிட்டார்கள். 2 மணிக்கு நாமும் ஒரு நாள். திங்களும் புதனும் 4 மணிக்கு இன்னும் ஆள் இல்லை. சுபஹுக்கு எழும்புகிறவர்கள் கொஞ்சம் முந்தி எழும்பினால் சரி. இன்பொக்ஸில் சொல்லுங்கள்.