நெருக்கடிநிலையும் தொழிற்சங்க மீட்சியும் (1975–1977)

புணேயின் வடகிழக்கில் உள்ளது எரவாடா. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின், அங்குள்ள மத்தியச் சிறையில் எதிர்க்கட்சியினரும் இயக்கத்தினரும் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடமளித்த மிசா சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டனர். நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் ஒடுக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் கைதாயினர்.

அடி விழுந்தது கூலியிலும்தான். 1975 செப்டம்பரில் வந்த அவசரச் சட்டம், குறைந்தபட்ச போனஸை 8.33 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்தது. மாதம் 300 ரூபாய் வாங்கிய தொழிலாளிக்கு ஆண்டு போனஸ் 300 ரூபாயிலிருந்து 144 ரூபாயாகச் சுருங்கும். தீபாவளிக்குத் துணி எடுக்க வைத்திருந்த பணம் அது. கேட்க வேண்டிய சங்கத்தின் வாயோ கட்டப்பட்டிருந்தது. இதைச் சிறு இழப்பென்று வரலாறு கடந்துவிடக் கூடாது.

1974 ரயில்வே வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ், சிறையிலிருந்தபடியே 1977 மார்ச் தேர்தலில் முசாபர்பூரில் வென்றார். மார்ச் 21 அன்று நெருக்கடிநிலை விலக்கப்பட்டது. தேர்தலுக்குப் பின் அமைந்த ஜனதா அரசு 8.33 விழுக்காட்டு போனஸை மீட்டது. வேலைநிறுத்தத்தில் பணி இழந்த ரயில்வே தொழிலாளர்களைத் திரும்பச் சேர்த்தது.

ஆலைக்கும் ரயில்வேக்கும் வெளியிலும் சங்கங்கள் இருந்தன. புணேயில் சமூகச் செயல்பாட்டாளர் பாபா ஆடாவ் வளர்த்த ஹமால் பஞ்சாயத்து, மூட்டை தூக்குவோரின் சங்கம். 1969ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மாத்தாடி (சுமைதூக்குவோர்) சட்டம் அத்தகைய தொழிலாளருக்கு நல வாரியங்கள் வழியாக முன்பே பாதுகாப்பு அளித்திருந்தது.