பங்கும் பதிவேடும்

பாரிஸ் நகரத்துக் கொமெடி பிரான்சேஸ் என்னும் நாடக சபையின் கீர்த்தியைப் பேசுவோர் மோலியேரின் ஹாஸ்யத்தையும் ராசீனின் சோகரசத்தையும் வியந்து போற்றுவார்களேயன்றி, அரங்கின் பின்கட்டில் நாள்தோறும் எழுதப்பட்டுவந்த கணக்கேட்டை நினைப்பது அரிது. ஆயினும் அச்சபையின் சரித்திரத்திற்கு அதுவே திறவுகோல்.

1673 பிப்ரவரியில் மோலியேர் காலமானதும், அவருடைய குழுவின் நடிகர் சிலர் ஓத்தெல் த பூர்கோன் என்ற எதிர்க்குழுவிற்குப் போய்விட, அவர்கள் ஆடிவந்த அரங்கையோ மன்னர் பதினான்காம் லூயி சங்கீத வித்துவான் லுல்லிக்கு அளித்துவிட்டார். எஞ்சியோரைப் பிரியாமல் கட்டிக்காத்தவர்களில் முதன்மையானவர் லா கிராஞ்சு என்ற நடிகர். அன்றன்று ஆடிய நாடகம், வந்த வசூல், செலவு போக ஒரு பங்கிற்குக் கிடைத்த தொகை ஆகியவற்றை 1659 முதல் 1685 வரை அவர் குறித்துவைத்த பதிவேடு இன்றும் இருக்கிறது. 1680 அக்டோபரில் அரசாணையொன்று இரு குழுக்களையும் ஒன்றாக்கியபோது, இப்பங்கு முறையே புதிய சபைக்கும் அஸ்திவாரமாயிற்று.

அங்கே தனி முதலாளி என்று ஒருவர் இல்லை. மெழுகுவத்தி முதலான அன்றாடச் செலவுகளைக் கழித்து மிஞ்சியதைப் பங்குதாரரான நடிகர்கள் பகிர்ந்துகொண்டனர். நடிகையரும் பங்கு பெற்றனர். 1730இல் அத்ரியேன் லெகூவ்ரர் என்ற புகழ்மிக்க நடிகைக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யத் திருச்சபை மறுத்த தேசத்தில், அத்தகைய பெண்களுக்குக் கணக்கேடு அளித்த அந்தஸ்து சாமானியமன்று.

ஆனால் பங்குதாரர்களிடையே நீதி செலுத்திய அதே ஏடு வெளியாரிடம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. ஐந்தங்க நாடகம் எழுதியவருக்கு நிகர வசூலில் ஒன்பதில் ஒரு பாகம் உரியதென்பது விதி. அதை நடிகர்களே கணக்கிட்டபடியால் சந்தேகம் முளைத்தது. 'செவில் நகரத்து நாவிதன்' நாடகத்தை இயற்றிய போமார்ஷே, கணக்கை விவரமாகக் காட்டுமாறு வற்புறுத்தி, 1777இல் நாடகாசிரியர்களை ஒன்றுதிரட்டிச் சங்கம் அமைத்தார்.

புரட்சி மூண்டபின் சபை அரசியல் பேதத்தால் பிளவுற்றது. 1793 செப்டம்பரில் நடிகர் பலர் சிறைப்பட்டனர். 1799இல் பிரிந்தோர் மீண்டும் கூடினர். 1812 அக்டோபர் 15 தேதியிட்டு மாஸ்கோவிலிருந்து நெப்போலியன் பிறப்பித்த ஆணையும், செலவு போன வருமானத்தை 24 பங்குகளாகப் பிரிக்க வேண்டுமென்றே விதித்தது. மன்னரும் சக்கரவர்த்தியும் சபையின்மேல் அதிகாரம் செலுத்தினர்; எனினும் நடிப்பவனே பங்குதாரன் என்ற பழைய வழக்கத்தை ஒழிக்க இருவருமே முற்படவில்லை.