கடாரத்துக்கு ஒரு பயணம்



கடாரம் கொண்டான் என்ற பட்டப்பெயரைக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் நம் தோட்டங்களில் இருக்க முடியாது. திருவிழா மேடையில் ஏறுகிறவர் யாராயினும், ஒருமுறையாவது இராசேந்திர சோழனின் கப்பற்படையைக் கடலில் இறக்காமல் கீழே இறங்குவதில்லை. ஆனால் அந்தக் கடாரத்தை நேரில் சென்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற பள்ளி விடுமுறையில் செடெனாக் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டன. நாமும் உடன் சென்றோம். அங்கே கண்டதையும், கண்டதால் எழுந்த சில எண்ணங்களையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

செடெனாக்கிலிருந்து மெர்போக் 600 கிலோமீட்டருக்கு மேல். இரவு எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பியது. செம்பனைக் காட்டையும், அதன் பக்கத்திலேயே புதிதாக எழுந்து வரும் கணினித் தரவு மையங்களின் விளக்கொளியையும் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது, பின்னிருக்கையிலிருந்து ஓர் இளைஞர் கேட்டார்: "ஐயா, நம்ம ஜொகூர்லயே சோழன் வந்த கோட்டை இருக்குன்னு சொல்றாங்களே, அதை விட்டுட்டு அவ்வளவு தூரம் போகணுமா?"

நியாயமான கேள்விதான். "செஜாரா மெலாயு" என்னும் மலாய் வரலாற்று நூலில், ராஜா சூரான் என்னும் அரசன் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த ஒரு கருங்கற் கோட்டையை வென்ற கதை வருகிறது. இந்த ராஜா சூரான் சோழ அரசனின் நிழலாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அந்தக் கோட்டை இருந்த இடம் தெரிந்துவிட்டது என்று 2005-ஆம் ஆண்டில் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் எழுதின. கோத்தா கெலாங்கி என்ற பெயர் அப்போது எல்லார் வாயிலும் அடிபட்டது. ஆயினும் அப்படியொரு நகரம் அங்கே இருந்ததாக இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. கதை வேறு, கல் வேறு. கல்லைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கெடாவுக்குத்தான் போக வேண்டும்.

பொழுது விடிந்தபோது ஜெராய் மலை தெரிந்தது. சுமார் 1,200 மீட்டர் உயரம். கடலோரச் சமவெளியில் வேறு மலைத்தொடர் எதையும் ஒட்டாமல் தனித்து நிற்கிறது. இந்த மலையைப் புரிந்துகொண்டால் கடாரத்தில் பாதி புரிந்துவிடும். இலங்கைத் தீவின் தென்கோடியும் ஜெராய் மலையும் பூமிப் படத்தில் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்தவை. இலங்கையைச் சுற்றிக்கொண்டு நேர் கிழக்கே பாய் விரித்த மாலுமி, காற்று கைகொடுத்தால், பல நாள் கடலுக்குப் பிறகு முதலில் காண்பது இந்த மலையின் தலையைத்தான். அங்கே ஆறும் துறையும் உண்டு. குடிநீரும் மரமும் கிடைக்கும். திரும்புவதற்கு வடகிழக்குப் பருவக்காற்று வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கிற மனிதனுக்குக் கடை வேண்டும், உலைக்களம் வேண்டும், கும்பிட ஒரு கோயிலும் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கு உருவானது இப்படித்தான்.

அருங்காட்சியகம் மெர்போக்கில், புக்கிட் பத்து பஹாட் என்னும் குன்றின் சரிவில் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். நம் ஜொகூரிலும் அதே பெயரில் ஓர் ஊர் இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலாய் இளைஞர். முன்வரிசையில் நின்ற பாட்டியை "நேனேக், படியில் பார்த்து ஏறுங்கள்" என்று மலாயில் எச்சரித்துக் கைகொடுத்து ஏற்றிவிட்டார். இங்குள்ள பழங்கோயில்களை மலாயில் சண்டி என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். நம் பேச்சில் சண்டி என்றால் பிடிவாதக்காரன் அல்லவா! ஆயிரம் ஆண்டு மழையிலும் இடம் பெயராமல் நிற்பதற்கு அந்தப் பெயரும் பொருத்தம்தான்.

புக்கிட் பத்து பஹாட் சண்டியைக் கண்டதும் சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கோபுரம் இல்லை, கூரை இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே இருப்பது கல்லால் ஆன அடித்தளம் மட்டுமே. சதுரமான கருவறை, அதன் முன்னே மண்டபம், தூண்கள் நின்ற கற்குழிகள். தூண்கள் மரத்தால் ஆனவை. மரம் மக்கிப்போயிற்று, கல் நிலைத்தது. சிதறிக் கிடந்த இக்கற்களை 1960-ஆம் ஆண்டு வாக்கில் முறையாக அகழ்ந்து, இருந்த இடத்திலேயே மறுபடி அடுக்கி வைத்தவர் அலஸ்டர் லாம்ப் என்னும் ஆங்கில ஆய்வாளர். அவருக்கு முன்பே, 1930-களின் பிற்பகுதியில், குவாரிச் வேல்ஸ் என்பவர் தம் மனைவியோடு இங்கே வந்து சுமார் முப்பது இடங்களைத் தோண்டிக் குறித்து வைத்திருந்தார்.

தளத்தில் நின்றபடி பாட்டி ஒன்றைக் கவனித்தார். "இதுதான் சாமி இருந்த இடம், இது சனம் நிக்கிற இடம். நம்ம மாரியம்மன் கோயில் மாதிரிதானே கட்டியிருக்காங்க!" என்றார். ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் அதைத்தான். கருவறையும் மண்டபமும் என்ற அமைப்பு இந்தியாவிலிருந்து வந்தது. கட்டிய பொருளும் கட்டிய கைகளும் இந்த மண்ணுக்கு உரியவை.

உள்ளே கண்ணாடிப் பேழையில் கற்பெட்டிகளைக் கண்டோம். கோயிலின் அடியில் புதைத்து வைக்கப்பட்டவை. கல்லில் சிறு சிறு குழிகளைக் குடைந்து, அவற்றில் மணிகளையும், பொன் வெள்ளித் தகட்டில் வெட்டிய சின்னஞ்சிறு உருவங்களையும் இட்டு மூடியிருக்கிறார்கள். வழிகாட்டி இதை விளக்க முற்பட்டபோது பாட்டி குறுக்கிட்டார். "தெரியும் தம்பி. கும்பாபிஷேகத்துக்கு முன்னால பீடத்துக்கு அடியில நவரத்தினம் வைப்போம்" என்றார். அருகிலிருந்தவர் அதை மலாயில் சொன்னதும் வழிகாட்டி வியந்து, இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டார். சற்று நேரம் பாட்டிதான் வழிகாட்டி. பயணத்தில் எல்லாருக்கும் பிடித்த பகுதி அதுவே.

இனி ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். கடாரம் முழுவதும் தமிழர் கட்டியது என்று நினைத்து வந்தவர்களுக்கு அருங்காட்சியகம் வேறு பாடம் சொல்கிறது. இவ்வட்டாரத்துப் பழைய சாசனங்கள் வடமொழியில் உள்ளவை. அவற்றுள் புகழ் பெற்றது 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் கும்பினி அதிகாரி கண்டெடுத்த பலகைக் கல். நடுவில் ஒரு புத்த தூபி, ஓரங்களில் எழுத்து. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பயணம் நலமாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர் பெயர் புத்தகுப்தன். தொழில், பெருங்கப்பலின் மாலுமி. ஊர், இரக்தமிருத்திகை, அதாவது செம்மண் நாடு. அது வங்காளத்தில் உள்ள ஓர் ஊர் என்று அறிஞர் கருதுகின்றனர். அந்தக் கல் கல்கத்தாவுக்குப் போய்விட்டது. ஆக, பெயர் தெரிந்த பழம் பயணிகளில் ஒருவன் பௌத்தன், பெரும்பாலும் வங்காளி. ஏழாம் நூற்றாண்டில் இவ்வழியாக நாளந்தாவுக்குப் போன சீனத் துறவி இ-சிங் இன்னொருவர். இங்கே கிடைத்த பானை ஓடுகளில் சீனத்தவையும் உண்டு, கண்ணாடித் துண்டுகளில் மேற்காசியாவிலிருந்து வந்தவையும் உண்டு.

அப்படியானால் தமிழனுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. பட்டினப்பாலை புகார்த் துறையில் இறங்கும் பொருள்களைச் சொல்லும்போது காழகம் என்ற இடத்தைக் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். அதைவிட உறுதியான சான்று செப்பேட்டில் இருக்கிறது. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். 1006-ஆம் ஆண்டளவில் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு வழங்கினான். கட்டியவன் பௌத்தன், நிலம் கொடுத்தவன் சைவன். இதைப் பதிந்த ஏடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

இருபது ஆண்டு கழியவில்லை. 1025-இல் இராசராசனின் மகன் இராசேந்திரன் அதே கடாரத்தின்மேல் படை அனுப்பினான். அதன் அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்ததாகவும், பெரும் செல்வம் கவர்ந்ததாகவும் அவன் மெய்க்கீர்த்தி முழங்குகிறது. சீனத்துக் கடல் வாணிகத்தில் யார் கை ஓங்குவது என்பதே போருக்குக் காரணம் என்று பலர் கருதுகின்றனர். பிறகு 1090-இல் கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொள்ள, குலோத்துங்க சோழன் அந்த விகாரத்தின் உரிமைகளை மறுபடி உறுதிப்படுத்தினான். நட்பு, போர், மீண்டும் நட்பு. நம் மேடைகளில் நடுவிலுள்ள போர் மட்டும் ஒலிக்கிறது. முன்னும் பின்னும் நடந்ததை யாரும் சொல்வதில்லை. எங்கள் கருத்தில், சண்டைக்குப் போன கப்பல்களைவிட விகாரத்துக்கு நிலம் எழுதிய செப்பேடே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லத் தக்கது.

மதியத்துக்குப் பிறகு சுங்கை பத்துவுக்குச் சென்றோம். 2007-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து வரும் இடம் இது. சுற்றிலும் செம்பனை. மரங்களுக்கு இடையே செங்கல் சுவர்கள், ஆற்றங்கரைப் படகுத் துறைகள், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள். உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. இவற்றின் காலம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தொடங்கியது என்பார் சிலர், அதை ஏற்காதார் சிலர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். முப்பது ஆண்டு பால்வெட்டிய ஒரு பெரியவர் அந்தக் குழாய்த் துண்டுகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "ராஜா பேரு கல்லுல இருக்கு. துருத்தி ஊதினவன் பேரு எங்க இருக்கு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

மண்ணுக்குள் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஜெராய் மலைக்கு வடக்கே புக்கிட் சோராஸ் என்னும் குன்றில் 2023-ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில் சுதையால் ஆன புத்தர் உருவங்கள் வெளிப்பட்டன. ஆனால் தோண்டி எடுத்ததெல்லாம் தங்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. ஒரு தோட்ட நிலத்தில் இருந்தது. நிலம் மேம்பாட்டுக்குப் போனது, இயந்திரம் வந்தது, சண்டி தரைமட்டமாயிற்று. 2013-ஆம் ஆண்டின் இறுதியில்தான் செய்தி வெளியே தெரிந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விசாரித்தால், அது தனியார் நிலம், பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் பதியப்படாதது என்று தெரிந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. சட்டம் இருந்தது, பதிவு இல்லை.

அங்கேதான் இப்படி என்று எண்ண வேண்டாம். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட பழைய செங்கற்கோபுரம் ஒன்று நெடுங்காலம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் அழைத்தனர். கடலில் வருவோருக்கு அடையாளமாக இருந்தது. 1867-இல் ஆங்கில அரசின் அனுமதியோடு அதுவும் இடிக்கப்பட்டது. அங்கே புதைந்து கிடந்த புத்தர் படிமங்கள் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் கடாரத்தான் கட்டியது போயிற்று, இந்தப் பக்கம் கடாரத்திலேயே கட்டியது போயிற்று.

திரும்பும் வழியில் பேருந்து நெடுநேரம் அமைதியாக இருந்தது. ஈப்போவைத் தாண்டியிருப்போம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, விடுமுறை வேலைக்காகக் கொண்டுவந்த பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு பாட்டியிடம் வந்தாள்.

"பாட்டி, நம்ம தோட்டத்துக் கோயிலை எந்த வருஷம் கட்டினாங்க?"

பாட்டி யோசித்தார். "நான் கட்டிக்கிட்டு வந்தப்போ தகரக் கூரை. சப்பான்காரன் வர்றதுக்கு முன்னாலயே சூலம் நட்டிருந்தாங்கன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க" என்றார். முன்னிருக்கையிலிருந்த பால்வெட்டுப் பெரியவர் திரும்பி, "இல்ல ஆயா, கூரை போட்டது எங்கப்பா மண்டோரா இருந்தப்போ" என்றார். மூன்றாமவர் வேறோர் ஆண்டைச் சொன்னார். கல் சுமந்தவர்கள் யார், பத்து வெள்ளி கொடுத்தவர்கள் யார், இப்போது இருக்கிற இடத்துக்கு முன்னால் கோயில் எந்த லயத்தின் பின்புறம் இருந்தது என்று பேச்சு வளர்ந்தது. பெயர்கள் வரத் தொடங்கின. விளக்கை அணைக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் யாரோ சொன்னார்கள். சிறுமி எழுதிக்கொண்டே வந்தாள். யோங் பெங் தாண்டியபோது அவள் இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.